ஜாப் எதற்காகக் காத்திருக்கிறது? மெயின்ஃப்ரேம் ஷெட்யூலருக்குப் புதியவர்களுக்கு

மெயின்ஃப்ரேம் புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி, "இந்த ஜாப் எத்தனை மணிக்கு ஓடும்?" (மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிக்குக் கொடுக்கும் ஒரு வேலைதான் ஜாப்.) நானும் கேட்டேன். பக்கத்து சீட்டு அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மணியைக் கேக்காதே, அது யாருக்காக உக்காந்திருக்குன்னு கேளு" என்றார். அன்றைக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. இன்று எனக்குக் கீழே வருகிறவர்களிடம் நானும் அதையேதான் சொல்கிறேன், கொஞ்சம் மரியாதையாக.

லினக்ஸில் கிரான் பழகி வந்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல். கிரானுக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும். மணி அடித்தால் ஓட்டிவிடும், முந்தைய வேலை முடிந்ததா என்று பார்க்காது. சிஏ-7, கண்ட்ரோல்-எம், ஐபிஎம்மின் வொர்க்லோட் ஷெட்யூலர் போன்ற மெயின்ஃப்ரேம் ஷெட்யூலர்கள் அப்படியல்ல. ஒரு வங்கியின் இரவு பேட்ச்சில் (மொத்தமாக ஓட்டும் வேலைகளில்) ஆயிரக்கணக்கான ஜாப்கள் இருக்கும், அதில் பெரும்பாலானவற்றுக்கு நேரம் என்று ஒன்றே குறிக்கப்பட்டிருக்காது. முன்னால் ஓட வேண்டியது முடிந்தால் இது ஓடும், அவ்வளவுதான்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அமெரிக்க வங்கி ஒன்றின் கிரெடிட் கார்டு சிஸ்டம். இரவு ஆன்லைன் ஃபைல்களை மூடுவார்கள், பேக்கப் எடுப்பார்கள், அன்றைய பரிவர்த்தனைகளை ஒன்றுசேர்த்து (மெர்ஜ்) வரிசைப்படுத்துவார்கள் (சார்ட்), பிறகு அவற்றைக் கணக்குகளில் ஏற்றும் போஸ்டிங், வட்டிக் கணக்கு, ஸ்டேட்மென்ட் எடுப்பது. காலை ஆறு மணிக்குள் ஆன்லைன் பரிவர்த்தனைகளைக் கையாளும் சிக்ஸ் (CICS) மறுபடி திறந்தாக வேண்டும். மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பேட்ச் விண்டோ.

படி 1: யார் வேலை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஷெட்யூலர் ஜாப்பை ஓட்டுவதில்லை. ஜாப்பின் கட்டளைகளை எழுதி வைத்த ஜேசிஎல்லை எடுத்து, சிஸ்டத்தில் ஜாப்களை வாங்கும் பகுதியான ஜெஸ்ஸிடம் கொடுக்கிறது, பிறகு முடிவு என்ன என்று கவனிக்கிறது. கொடுத்த ஜாப்பை வரிசையில் வைத்து, காலியான இனிஷியேட்டரில் (ஜாப் ஓடும் இடத்தில்) ஏற்றுவது ஜெஸ். ஏறிய ஜாப்புக்கு எவ்வளவு சிபியு கிடைக்கும், யாருக்கு முன்னுரிமை என்று பார்ப்பது டபிள்யூஎல்எம். "ஜாப் ஓடலை" என்று யாராவது சத்தம் போட்டால், இந்த மூன்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஷெட்யூலர் சப்மிட் செய்து அரை மணி நேரமாக ஜெஸ் வரிசையில் கிடக்கும் ஜாப்புக்காக ஷெட்யூலர் ஸ்கிரீனையே வெறித்துக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

(ஜெஸ்ஸின் ஒரு வகையான ஜெஸ்2 அனுப்பும் மெசேஜ்கள் டாலர் குறி போட்டு ஹாஸ்ப் என்று தொடங்கும், கவனித்திருப்பீர்கள். 1960களில் நாசாவின் ஹியூஸ்டன் மையத்துக்காக ஐபிஎம் ஆட்கள் எழுதிய ஸ்பூலிங் புரோகிராமின் பெயர் அது. முதல் எழுத்தே ஹியூஸ்டன்தான்.)

படி 2: 'இன்று' என்பது என்ன தேதி

பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தை பஞ்சாங்கப்படி முந்தைய கிழமையில் பிறந்ததுதான். ஷெட்யூலரும் ஏறத்தாழ அப்படியே. கண்ட்ரோல்-எம்மில் நியூ டே என்று ஒரு நேரத்தை அந்தந்த நிறுவனம் குறித்து வைத்திருக்கும். அந்த நேரம் வந்ததும், இன்று ஓட வேண்டியவை எவை என்று ஜாப் வரையறைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஆக்டிவ் ஜாப்ஸ் ஃபைலில் கொண்டுவந்து வைக்கும். இதைத்தான் ஜாப் ஆர்டர் ஆவது என்கிறோம். ஆர்டர் ஆனது என்றால் ஓடியது என்று அர்த்தமில்லை, இன்றைய பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

அப்படி வந்த ஜாப்பின் நெற்றியில் ஒரு தேதி ஒட்டப்படும். அதுதான் ஓடேட். 14ஆம் தேதி ஓடேட்டுடன் வந்த போஸ்டிங் ஜாப், 15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஓடினாலும் அதன் தேதி 14தான். ஒருவேளை அபெண்ட் ஆகி (பிழையால் பாதியில் விழுந்து) 16ஆம் தேதி சரி செய்து ஓட்டினாலும் 14தான். எந்த ஸ்கிரீனைத் திறந்தாலும் முதலில் ஓடேட் பத்தியைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு ஜாப் நின்றால் தேதிதான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

இன்னொன்று, மேக்ஸ்வெயிட். ஓடேட் முடிந்த பிறகும் எத்தனை நாள் அந்த ஜாப் பட்டியலில் காத்திருக்கலாம் என்பது. 99 என்று போட்டால் எவ்வளவு நாளானாலும் நிற்கும். 00 என்று போட்டால், அன்றைக்குள் ஓட வழியில்லாமல் போன ஜாப் அடுத்த நியூ டேயில் சத்தமில்லாமல் போய்விடும். அபெண்ட் ஆகவில்லை, சிவப்பு இல்லை, அலர்ட் இல்லை, ஜாப்பே இல்லை. தேடித் தேடி அலுத்த பிறகுதான் லாகைப் பார்க்கத் தோன்றும்.

படி 3: காலண்டர்

இதை வேகமாகக் கடந்துவிடலாம், ஒரு எச்சரிக்கையோடு. தினமும், வார நாள், மாதக் கடைசி, விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளு, இப்படிப்பட்ட விதிகள் ஜாப்பின் வரையறையில் இருக்கும், அவை ஒரு காலண்டரைச் சுட்டும். எந்தக் காலண்டர் என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் கொலம்பஸ் தினத்தன்று ஃபெடரல் ரிசர்வ் விடுமுறை, நியூயார்க் பங்குச் சந்தை திறந்திருக்கும். புனித வெள்ளியன்று நேர்மாறு. வங்கி ஜாப்புக்கும் பங்கு ஜாப்புக்கும் ஒரே விடுமுறைக் காலண்டரைப் போட்டால் வருஷத்தில் இரண்டு மூன்று நாள் கட்டாயம் போன் வரும். அப்புறம், அடுத்த ஆண்டுக்கான காலண்டரை டிசம்பரிலேயே யாராவது ஏற்றிவிட்டார்களா என்று கேட்டு வையுங்கள். கேட்கிற ஆள் நீங்களாக இருப்பதில் தவறில்லை.

படி 4: கண்டிஷன், இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்

கண்ட்ரோல்-எம்மில் ஜாப்புகளை இணைக்கும் கயிறு கண்டிஷன். அது ஒரு பெயரும் தேதியும் சேர்ந்த சிறு சீட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் ஜாப் நல்லபடியாக முடிந்தால் 'பேக்கப் முடிந்தது, 14' என்று ஒரு சீட்டைப் பொதுப் பலகையில் குத்தி வைக்கும். அது அவுட் கண்டிஷன். சார்ட் ஜாப்பின் இன் கண்டிஷனில் அதே பெயர் இருந்தால், அதே தேதிச் சீட்டு பலகைக்கு வரும்வரை அது நகராது. பேக்கப் ஜாப்புக்குச் சார்ட் ஜாப்பைத் தெரியாது, சார்ட்டுக்கும் பேக்கப்பைத் தெரியாது, இருவருக்கும் தெரிந்தது பலகை மட்டும். இது விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதிலிருந்து சில விஷயங்கள் தானாக வரும். சீட்டை யார் குத்தினாலும் சரி, ஜாப்பே குத்தினாலும் ஆபரேட்டர் கையால் குத்தினாலும் ஷெட்யூலருக்கு வித்தியாசம் தெரியாது. பெயரில் ஒரு எழுத்து தவறினால் அந்தச் சீட்டு வரவே வராது, ஜாப் நாள் முழுக்கக் காத்திருக்கும், பிழை என்று எதுவும் காட்டாது. சீட்டின் தேதி இன்றையதா, முந்தைய முறை ஓடியதா, தேதியே வேண்டாமா என்று வரையறையில் சொல்லலாம். ஓடேட், பிரீவ், ஸ்டாட் என்று பார்த்தால் அதுதான். அந்தத் தேதியில் மாதமும் நாளும் மட்டும்தான் உண்டு, ஆண்டு கிடையாது! பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் விட்டால் போன வருஷத்து மார்ச் 14 சீட்டு இந்த வருஷ மார்ச் 14 ஜாப்புக்கு வழி திறந்துவிடும். இதற்காகவே பழைய கண்டிஷன்களைத் துடைக்கும் ஜாப் ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். வேலை முடிந்ததும் தான் பயன்படுத்திய சீட்டைத் தானே அழித்துவிடும்படியும் ஜாப்பை எழுதலாம், கழித்தல் குறி போட்ட அவுட் கண்டிஷன் அதற்குத்தான்.

என் சொந்தக் கதை ஒன்று. முதல் வருஷம், ஒரு போஸ்டிங் ஜாப் காத்திருந்தது, மேலே பார்த்தால் மெர்ஜ் ஜாப் பச்சையாக முடிந்திருந்தது. "சரி, கண்டிஷன் எங்கோ தொலைந்துவிட்டது போல" என்று நானே கையால் சேர்த்துவிட்டேன். நான் பார்த்த பச்சை, முந்தைய நாள் ஓடேட். இன்றைய மெர்ஜ் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. நேற்றைய ஃபைலே மறுபடி போஸ்ட் ஆனது. அதைத் திருப்பி எடுக்க அந்த நாளும் அடுத்த நாளும் போயின. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து கையால் கண்டிஷன் சேர்ப்பதற்கு முன் இரண்டு வேலை செய்கிறேன்: அந்தச் சீட்டைக் குத்த வேண்டிய ஜாப்பின் ஓடேட்டை வாய்விட்டுப் படிப்பேன், அப்புறம் அப்ளிகேஷன் டீமில் ஒருவர் எழுத்தில் சரி சொல்லாமல் தொடமாட்டேன்.

சிஏ-7 இருக்கும் இடத்தில் வேலை என்றால் படம் கொஞ்சம் வேறு. அங்கே ஜாப் முதலில் ரிக்வெஸ்ட் க்யூவில் வந்து தன் தேவைகள் நிறைவேறக் காத்திருக்கும், நிறைவேறியதும் ரெடி க்யூ, ஓடும்போது ஆக்டிவ் க்யூ, நல்லபடி முடிந்தால் பிரயர்-ரன் க்யூ. அபெண்ட் ஆனால் மறுபடி ரிக்வெஸ்ட் க்யூவுக்கே திரும்பி வந்து நிற்கும். இங்கே புதியவர்கள் இடறும் இடம் டிரிகருக்கும் ரிக்வயர்மென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம். டிரிகர் என்றால் முன்னவர் முடிந்ததும் பின்னவரைக் கைப்பிடித்து க்யூவுக்கு அழைத்து வருவார். ரிக்வயர்மென்ட் என்றால், ஏற்கெனவே க்யூவுக்கு வந்துவிட்டவரை முன்னவர் முடியும்வரை நிறுத்தி வைப்பது மட்டும், அழைத்து வராது. ரிக்வயர்மென்ட் மட்டும் எழுதிவிட்டு ஜாப் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

படி 5: ரிசோர்ஸ்

முன்னவர்கள் எல்லாம் முடிந்தாலும் ஜாப் நிற்கலாம். கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். அடுப்பு நான்குதான் என்றால் ஐந்தாவது அண்டா காத்திருக்கத்தான் வேண்டும், இது எண்ணிக்கை ரிசோர்ஸ். டேப் டிரைவ்கள், டிபி2 டேட்டாபேஸில் ஒரே சமயத்தில் ஓடலாம் என்று வைத்திருக்கும் ஜாப்களின் எண்ணிக்கை போன்றவை இதில் வரும். கண்ட்ரோல் ரிசோர்ஸ் வேறு: வாடிக்கையாளர் மாஸ்டர் ஃபைலைப் படிப்பவர்கள் பத்து பேர் சேர்ந்து இருக்கலாம், எழுதுபவர் வந்தால் அவர் தனியாக இருக்க வேண்டும். எழுதுபவர் காத்திருக்கும்போது படிப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தால் எழுதுபவருக்கு இடமே கிடைக்காமல் போகலாம், அதனால்தான் முன்னுரிமை எண்.

ஏன் நிற்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல்-எம்மின் ஆக்டிவ் ஸ்கிரீனில் ஜாப்புக்கு எதிரே கேள்விக்குறி போட்டு எண்டர் தட்டினால் எந்தக் கண்டிஷன், எந்த ரிசோர்ஸ், எந்த நேரம் என்று பட்டியலே போடும். சிஏ-7இல் எல்க்யூ கமாண்டில் க்யூவைப் பார்த்துவிட்டு, அந்த ஜாப்பின் தேவைகளைப் பட்டியலிடச் சொல்லலாம். என் அபிப்பிராயத்தில் புதியவர் கற்க வேண்டிய முதல் கமாண்ட் இதுதான், ஃபோர்ஸ் பண்ணும் (எதற்கும் காத்திராமல் ஓட வைக்கும்) கமாண்டைக் கடைசியில் கற்றால் போதும்.

படி 6: நேரம், கடைசியாக

இப்போதுதான் கடிகாரம் வருகிறது. இந்த நேரத்துக்கு முன் ஓடாதே என்பது ஒன்று, இதற்குப் பின் சப்மிட் செய்யாதே என்பது இன்னொன்று, இதற்குள் முடியாவிட்டால் கத்து என்பது மூன்றாவது. வெளியிலிருந்து ஃபைல் வரும் இடங்களிலும், கட்-ஆஃப் நேரம் உள்ள இடங்களிலும் மட்டும் முதல் வகை தேவைப்படும். கண்டிஷன் போட வேண்டிய இடத்தில் "அது எப்பவும் ஒரு மணிக்கு முடிஞ்சிடும், இதுக்கு ஒன்றரை போட்டுடு" என்று நேரத்தைப் போடுவது சோம்பேறித்தனம். மாதக் கடைசியில் அளவு கூடி அது ஒன்றே முக்காலுக்கு முடியும் நாள் வரும்.

சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரையைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அவர்கள் இரவு 8 மணி நமக்குக் கோடையில் மறுநாள் காலை 5:30, குளிர்காலத்தில் 6:30. அவர்களுடைய நள்ளிரவு பேட்ச் நமக்குப் பட்டப்பகல். விண்டோ முடியும் காலை 6 மணி நமக்கு மாலை 3:30 அல்லது 4:30. இந்த ஒரு மணி நேர மாற்றத்தில் ஷிப்ட் அட்டவணை மட்டுமல்ல, ஜாப்களும் மாட்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே அதிகாலை 2 மணி நேராக 3 ஆகிவிடும், 2:30 என்ற நேரமே அன்று இல்லை. நவம்பர் முதல் ஞாயிறு 1:30 இரண்டு முறை வரும். அந்த இரண்டு ராத்திரிகளுக்கும் உங்கள் இடத்தில் தனி நடைமுறை இருக்கும். சில இடங்களில் நவம்பரில் ஷெட்யூலரையே ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சப்மிட் ஆன பிறகு

ஜெஸ் வரிசைகளைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப் ஸ்கிரீனில் பாருங்கள். இன்புட் க்யூவிலேயே நின்றால் அந்த ஜாப் கிளாஸுக்கு இனிஷியேட்டர் காலி இல்லையா, ஹோல்டில் இருக்கிறதா, அல்லது அதே பெயரில் இன்னொரு ஜாப் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றி அமைக்காவிட்டால் ஜெஸ்2 ஒரே பெயரில் இரண்டு ஜாப்களை ஒரே சமயத்தில் ஓட விடாது. ஆரம்பித்தும் அசையாமல் நின்றால் பெரும்பாலும் டேட்டாசெட்டுக்காகக் காத்திருக்கும், வேறு யாரோ அந்த ஃபைலைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த 'யாரோ' பல நேரம், டெவலப்பர் ஒருவர் எடிட்டில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதாக இருக்கும்.

படி 8: முடிவும், முடியாத முடிவும்

ஜாப்பின் ஒவ்வொரு ஸ்டெப்பும் ஒரு ரிட்டர்ன் கோட் கொடுக்கும். 0 நலம், 4 எச்சரிக்கை, 8 பிழை, 12, 16 மோசம். இது வழக்கம்தான், சட்டம் இல்லை. 4 வந்தாலே நிறுத்து என்று சில ஜாப்களுக்கு எழுதியிருப்பார்கள், 8 வந்தாலும் போகட்டும் என்று சிலவற்றுக்கு. ஷெட்யூலரில் எழுதியிருப்பதுதான் செல்லும். ஜேசிஎல்லில் காண்ட் பாராமீட்டரைப் பார்த்துத் தலை சுற்றினால் நீங்கள் நார்மல். அது சொல்வது எப்போது ஓட்டு என்றல்ல, எப்போது ஓட்டாதே என்று.

அபெண்ட் என்றால் கோடைப் பாருங்கள். சாக்-செவன் என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத குப்பை, டேட்டாவைப் பார்க்க வேண்டும். பி37, டி37, ஈ37 என்றால் இடம் போதவில்லை. 806 என்றால் புரோகிராம் கிடைக்கவில்லை. 913 அனுமதி இல்லை. 322 சிபியு நேரம் தாண்டிவிட்டது. 222 என்றால் யாரோ கேன்சல் செய்திருக்கிறார்கள், யார் என்று விசாரியுங்கள்.

பிறகு ரீரன்னா, ரீஸ்டார்ட்டா என்ற கேள்வி. முதலிலிருந்து ஓட்டினால் ஏற்கெனவே அப்டேட் ஆனது மறுபடி ஆகுமா? நடுவிலிருந்து ஓட்டினால் ஜிடிஜி (ஒரே பெயரில் தலைமுறை தலைமுறையாகச் சேரும் ஃபைல்கள்) என்ன ஆகும்? முதல் ஸ்டெப் உருவாக்கிய பிளஸ் ஒன் தலைமுறை, ஜாப் விழுந்து முடிந்ததும் பூஜ்யம், அதாவது நடப்புத் தலைமுறை, ஆகிவிடும். மூன்றாம் ஸ்டெப்பிலிருந்து அப்படியே ரீஸ்டார்ட் செய்தால் அது இன்னும் பிளஸ் ஒன்னைத் தேடும், அது இருக்காது. சிஏ-11, கண்ட்ரோல்-எம்மின் ரீஸ்டார்ட் பகுதி போன்றவை இதைச் சரிசெய்து தருவதற்காகவே இருக்கின்றன. உங்கள் இடத்தில் அவை இல்லையென்றால் ஜேசிஎல்லைக் கையால் திருத்த வேண்டும், அதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

எது முடிந்தது, எது முடியவில்லை என்ற கணக்கே குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2012 ஜூனில் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமம் தன் பேட்ச் ஷெட்யூலர் மென்பொருளை அப்கிரேட் செய்தது. கோளாறு தெரிந்ததும், திருப்பி எடுத்தால் என்ன ஆகும் என்று சோதிக்காமல் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். புதியதும் பழையதும் ஒத்துப்போகவில்லை. ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், அல்ஸ்டர் வங்கியில் தொல்லை ஜூலை வரை நீண்டது. 2014 நவம்பரில் பிரிட்டனின் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. வட்டிக் கணக்கிலோ போஸ்டிங் புரோகிராமிலோ தவறு இல்லை, அவற்றை வரிசைப்படுத்தும் மென்பொருளில்தான் அடி விழுந்தது.

படி 9: முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

ஏற்கெனவே முடிந்த, உங்களைத் தொந்தரவு செய்யாத ஒரு ஜாப்பை எடுங்கள், ஸ்டேட்மென்ட் ஜாப் என்று வைப்போம். அதிலிருந்து பின்னோக்கிப் போய் இன் கண்டிஷன் ஒவ்வொன்றையும் யார் குத்தினார்கள் என்று தேடிப் பேப்பரில் வரையுங்கள், ஃபைல் மூடும் ஜாப் வரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நிமிஷம் ஓடியது என்று எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால் எந்தப் பாதை நீளமானதோ, அதில் பத்து நிமிஷம் தாமதம் என்றால் சிக்ஸ் திறப்பதும் பத்து நிமிஷம் தள்ளும்; பக்கத்துப் பாதையில் உள்ள ரிப்போர்ட் ஜாப் ஒரு மணி நேரம் விழுந்து கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. யாரை நடு ராத்திரியில் எழுப்ப வேண்டும், யாரைக் காலையில் மெயிலில் கேட்டால் போதும் என்பதை அந்தப் பேப்பர் சொல்லும். டூலிலேயே படம் வரும், தெரியும். இருந்தாலும் முதல் தடவை கையால் வரையுங்கள்.

ஷிப்ட் முடியும்போது ஹேண்ட்ஓவரில் "ஒரு அபெண்ட், சரி செய்தாகிவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்து வருகிறவர் இப்படிப் படிக்க வேண்டும்: "ஓடேட் 14. வட்டி ஜாப் மூன்றாம் ஸ்டெப்பில் சாக்-செவன். அப்ளிகேஷன் டீம் ஒரு ரெக்கார்டை ஒதுக்கினார்கள், அதே ஸ்டெப்பிலிருந்து ரீஸ்டார்ட், அங்கத்திய நேரம் 1:50க்கு முடிந்தது. ஸ்டேட்மென்ட் ஜாப்புக்கான கண்டிஷன் தானாக வந்தது, நான் கையால் எதையும் சேர்க்கவில்லை."